கல்லாவடியில் ஒரு கசிவு

பொருத்திய அன்றைக்கே கமண்டலம் வாயைத் திறந்தது.

“கசிவு. தரைத்தளம், கல்லாப்பெட்டி. அளவு, ஒரு தேக்கரண்டி.”

ஆவுடை சில்க்ஸின் எல்லா மாடிகளிலும் அந்தக் குரல் கேட்டது. சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி ஆவுடையப்பன் குனிந்து தரையைப் பார்த்தார். தரை காய்ந்துதான் கிடந்தது.

அகத்தியர் கையிலிருந்த கமண்டலம் கவிழ்ந்துதான் காவிரி பிறந்தது என்பார்கள். ஒழுகலைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குப் போய் அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் இயந்திரம் கெட்டிக்கார இயந்திரம். கட்டடத்தின் சுவரிலும் தரையிலும் கூரையிலும் தலைமுடியை விட மெல்லிய இழைகளைப் பதித்துவிடுவார்கள். எங்கே ஒரு சொட்டு வழி தவறினாலும் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருக்காது, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லும். வெட்கம், மானம் போன்ற உதிரிப்பாகங்கள் எதுவும் அதில் கிடையாது.

தாமிரபரணியே நூலாக இளைத்துப்போன பிறகு வந்த ஏற்பாடு இது. கசிவுத் தடைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். வியாபாரம் நடக்கும் கட்டடம் எதுவானாலும் கமண்டலம் இருக்க வேண்டும். அது சொல்லும் கசிவை ஆய்வாளர் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரையும் நிறுத்தி, ஷட்டரையும் இறக்கிவிடுவார்கள். கைதவறித் தண்ணீரைச் சிந்தியவருக்குக்கூடத் தண்டனை உண்டு. ஒரு மாதம் எந்தக் கடைக்குள்ளும் அவர் கால்வைக்க முடியாது. கடையிலேயே வேலை பார்ப்பவராக இருந்தால் அந்த மாதச் சம்பளம் அம்போ.

ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கும் அன்றைக்கு ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. ஆடித் தள்ளுபடியில் கடை பூட்டிக் கிடந்தால் அதற்கப்புறம் ஐப்பசி வரைக்கும் பொம்மைக்குச் சேலை கட்டிவிட்டு நாமே ரசிக்க வேண்டியதுதான்.

“கண்டுபிடிங்கம்மா. மொதல்ல கண்டுபிடிங்க” என்றார் ஆவுடையப்பன், இயந்திரத்தைப் பொருத்த வந்த பொறியாளர் பியூலாவிடம்.

பியூலா பாளையங்கோட்டைப் பெண். படித்தது சென்னையில், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இது அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் கட்டடம். அவள் கல்லாப் பக்கத்துப் பளிங்குக்கல்லைப் பெயர்க்கச் சொன்னாள். பெயர்த்தார்கள். அடியில் குழாய் இல்லை. இன்னும் தோண்டச் சொன்னாள். இன்னும் இல்லை. குழிக்குள் இறங்கி நின்று பார்த்தாள். மண் பொரிகடலை மாதிரி உலர்ந்து கிடந்தது.

“கசிவு” என்றது கமண்டலம். “கல்லாப்பெட்டி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்.”

“ஒன்றரை அடி உயரத்துல எப்பிடி ஒழுகும்? காத்துலயா?” என்றார் ஆவுடையப்பன்.

“உயரக் கணக்குல ஏதோ தப்பு அண்ணாச்சி. இன்னைக்கே சரி பண்ணிருதேன்” என்றாள் பியூலா. சரிபண்ண அதில் ஒன்றும் தப்பு இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பொறியியல் கைவிட்டால் நம் ஊரில் அடுத்து யார் வருவார் என்று சொல்லவே வேண்டாம். வாஸ்து திருமலைக்கொழுந்து வந்தார். நெற்றியில் பட்டை, கையில் திசைகாட்டி. குழியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“அண்ணாச்சி, கல்லா இருக்கது அக்னி மூலை. நெருப்பு இருக்க எடத்துல தண்ணி வந்தா என்ன அர்த்தம்? லட்சுமி அழுதாள்னு அர்த்தம். கல்லாவ வாயு மூலைக்குத் தூக்குங்க.”

தூக்கினார்கள். தேக்கு மேசை, எட்டுப் பேர் சுமை. ஆவுடையப்பன் புது இடத்தில் போய் உட்கார்ந்தார். மதியம் சாப்பிட்டு முடித்து ஒரு தும்மல் போட்டார்.

“கசிவு. வாயு மூலை.”

திருமலைக்கொழுந்து சற்று யோசித்துவிட்டு, கன்னி மூலைதான் சரி என்றார். கன்னி மூலைக்குத் தூக்கினார்கள். கசிவும் கூடவே போனது. கடைக்குள் இப்போது மூன்று இடத்தில் குழி. வாடிக்கையாளர்கள் பாண்டி ஆடுகிற பிள்ளைகள் மாதிரி தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

ஆவுடையப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறுபத்தாறு வயது. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் கடை பூட்டும்போதுதான் எழுவார். சாப்பாடும் அங்கேதான். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. நான் எந்திரிக்கிறேனா, நீ மட்டும் ஏன் எந்திரிக்கிறாய் என்பது அவருடைய நியாயம். அதனால் விற்பனைப் பெண்கள் கழிப்பறைக்குப் போக ஒரு விதி வைத்திருந்தார். மாடிக்கு ஒரு பித்தளை வில்லை ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி போயிருந்தால் மற்றவள் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டு தடவை. கழுத்தில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் எல்லார் முன்னாலும் நடந்து போவதற்கு, போகாமலே இருந்துவிடலாம் என்று பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். இதையெல்லாம் விதி என்று சொல்கிறோம், பாருங்கள்.

இரண்டாவது நாள் கமண்டலம் வேறொரு புகாரைக் கிளப்பியது.

“மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு. பதினோரு கலன்களில் அழுத்தம் மிக அதிகம். உடைப்பு அபாயம்.”

கசிந்த பிறகு சொல்வது மட்டுமில்லை, கசியப் போவதை முன்கூட்டிச் சொல்வதும் அதன் வேலை. பியூலா ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினாள். அங்கே தொட்டியும் இல்லை, பீப்பாயும் இல்லை. பட்டுச்சேலை அடுக்குகளுக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

“எங்கக்கா பைப்பு?” என்று மூத்தவளான செண்பகவல்லியிடம் கேட்டாள்.

“இங்க ஏது மேடம் பைப்பு? நாங்கதான் நிக்கோம்.”

பியூலா கையிலிருந்த கருவியில் கமண்டலத்தைக் கூப்பிட்டாள். “கலன்னு எதச் சொல்லுத?”

“நீர் நிறைந்த எதுவும் கலன்தான்” என்றது அது. “தொட்டி ஒரு கலன். மனிதர் ஒரு கலன். போக வேண்டிய வழியில் போனால் கழிவு. வழி தவறினால் கசிவு. இங்கே பதினோரு கலன்களிலும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது.”

பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் சிரிக்கவும் பயமாக இருந்தது, சிரித்தால் ஆபத்து. செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

“பரவால்ல. ஒரு மிஷினுக்காவது தெரிஞ்சுதே” என்றாள். “இதுல நாலு பேருக்கு நீர்க்கடுப்பு மேடம். இவளுக்குப் போன மாசம் காய்ச்சலே வந்துட்டு. யாருட்ட போயிச் சொல்ல?”

பியூலா சொன்னாள். நேராகக் கல்லாவுக்குப் போய், அழுத்தம் என்றால் என்ன, கலன் என்றால் யார் என்று விளக்கினாள். ஆவுடையப்பன் முகம் இறுகிப்போயிற்று.

“நான் ஒங்களக் கசிவப் பாக்கத்தான் கூப்ட்டேன். எம் பிள்ளையளுக்கு வைத்தியம் பாக்க இல்ல. அந்த அபாயம் கிபாயம் சொல்லுதத நிறுத்துங்க.”

கசிவை அறிவிப்பதை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. அபாயத்தை அறிவிப்பதை நிறுத்தலாம். பியூலா நிறுத்தினாள். நிறுத்திவிட்டு வெகுநேரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் உண்மை தானாக வந்து விழுந்தது. புதிதாகச் சூரத்திலிருந்து வந்த சேலைக் கட்டுகளைக் கல்லாப் பக்கத்தில் பிரித்தார்கள். கஞ்சித் தூள் பறந்தது. ஆவுடையப்பன் தும்மினார்.

“கசிவு.”

மறுபடி தும்மினார்.

“கசிவு.”

மூன்றாவதை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அதுவரைக்கும் இல்லாத பெரிய தும்மல்.

“கசிவு. அளவு, இரண்டு தேக்கரண்டி.”

குழிக்குள் நின்றுகொண்டிருந்த பியூலா மெதுவாக நிமிர்ந்தாள். அவள் கண்ணுக்கு நேரே ஆவுடையப்பனின் நாற்காலி இருந்தது. தரையிலிருந்து சரியாக ஒன்றரை அடி. அவளுக்கு அந்தக் குழியிலேயே தன்னை மூடிவிட்டால் நல்லது என்று தோன்றியது.

ஆய்வாளர் வர இன்னும் மூன்றே நாள். அன்றைக்கு அவர் முன்னால், கூட்டத்தின் முன்னால், கமண்டலம் வாயைத் திறந்தால் கடை மட்டுமில்லை, மனுஷனின் மானமே போய்விடும். சொல்லித்தான் ஆக வேண்டும். முதலாளியை இருப்பு அறைக்குக் கூப்பிட்டாள். அவர் வந்தார். பியூலா அவர் முகத்தைப் பார்க்காமல், மேலே சுற்றிய மின்விசிறியிடம் பேசினாள்.

“அண்ணாச்சி, கசிவு எங்கனன்னு தெரிஞ்சிட்டு.”

“எங்கன?”

“டாக்டர்ட்ட காட்டுனீயளா?”

“மிஷினுக்கு எதுக்கும்மா டாக்டரு?”

“மிஷினுக்கு இல்ல அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. பக்கத்திலிருந்த சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த விதத்தில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தது.

“ஒரு வருசமா இருக்கு” என்றார். “தும்முனாப் போச்சு. இருமுனாப் போச்சு. சிரிச்சா மொத்தமாப் போச்சு. அதனால சிரிக்கதையே விட்டுட்டேன். கடைல எல்லாரும் நான் கோவத்துல இருக்கேன்னு நெனைக்காங்க.”

பியூலாவுக்குப் பாவமாக இருந்தது. “டாக்டர் என்ன சொன்னாரு?”

“மணிக்கொரு தடவ போயிட்டு வரச் சொன்னாரு. அவ்வளவுதான் வைத்தியம்.”

“போயிட்டு வர வேண்டியதுதான?”

“எப்பிடிப் போவ? கல்லாவ விட்டு எந்திரிக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இந்தப் பிள்ளையளுக்கு ரெண்டு தடவன்னு வில்லை மாட்டி விட்ருக்கேன். நான் பத்துத் தடவ எந்திரிச்சுப் போனா என்ன சொல்லுவாளுவ?”

“அப்ப அவங்களையும் விட்ருங்க. எல்லாரும் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தா, நீங்க போறத யாரு பாக்கப் போறா?”

அவருடையது வியாபாரி மூளை. அன்று சாயங்காலமே திருமலைக்கொழுந்துக்கு ஆள் போயிற்று.

மறுநாள் காலையில் திருமலைக்கொழுந்து எல்லா மாடிப் பெண்களையும் கூட்டிவைத்து அறிவித்தார். “கட்டடத்துக்கு வாயு மூலை அசையணும். அது அசைஞ்சாத்தான் சரக்கு அசையும். இங்க வாயு மூலைல இருக்கது கழிப்பறை. அங்க ஆள் நடமாட்டமே இல்ல. அதான் தோஷம். இனிமே எல்லாரும் மணிக்கொரு தடவ அந்தப் பக்கம் போயிட்டு வரணும். நிறையத் தண்ணி குடிக்கணும். முதலாளியும் சேத்துத்தான், குடும்பத் தலைவன் போகாம பலன் இருக்காது.”

பித்தளை வில்லைகளைக் கழற்றிப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டார்கள். ஐந்து வருஷமாகக் கெஞ்சியும் நடக்காதது வாஸ்துவால் ஒரே காலையில் நடந்துவிட்டது. பெண்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார்கள். பியூலா அபாய அறிவிப்பைத் திரும்பவும் போட்டுவிட்டாள், உடைகிற நிலைக்கு வந்தால் மட்டும் சொல்லும்படி. சொல்வதற்குத்தான் அதற்கு ஒன்றும் இல்லை. ஆவுடையப்பன் மணிக்கொரு தடவை பக்திமானைப் போல வாயு மூலைக்கு நடந்தார். இரண்டு நாள் கமண்டலம் வாயே திறக்கவில்லை.

ஆடி முதல் நாள் வந்தது. கதவைத் திறந்ததும் ஊரே உள்ளே புகுந்தது. குழிகளை மூடிப் பலகை போட்டிருந்தார்கள். கல்லா முன்னால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. ஆவுடையப்பனால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு மணி போயிற்று, இரண்டு மணி போயிற்று. ஒரு தடவை எழுந்தார், நாலு பேர் பில்லை நீட்டினார்கள், உட்கார்ந்துவிட்டார். பியூலா தூரத்திலிருந்து கண்ணாலேயே கெஞ்சினாள். அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் சொர்ணவேல் வந்து சேர்ந்தார்.

அவர் கல்லாப் பக்கத்தில் நின்று, “அறிக்கை சொல்” என்றார்.

“கசிவு இல்லை” என்றது கமண்டலம்.

சொர்ணவேல் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாராட்டு கிடைக்கும் இடத்தில் திருமலைக்கொழுந்தால் சும்மா இருக்க முடியாது. காலையிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“எல்லாம் நம்ம வாஸ்து சார். கட்டடத்தப் பாத்ததும் எங்க அடைப்புன்னு சொல்லிருவேன். நம்ம கண்ணுக்குத் தப்பாது.”

“கல்லாவுக்கு எதிரே ஒரு கலன்” என்றது கமண்டலம். “நெற்றியில் பட்டை. அழுத்தம் மிக அதிகம். எந்த நேரமும் உடையலாம்.”

திருமலைக்கொழுந்து இரண்டு கால்களையும் சேர்த்துவைத்துக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆய்வாளர் சிரித்தார். ஆவுடையப்பன் பல்லைக் கடித்தார், தொடையைக் கிள்ளினார், செத்துப்போன மாமனாரை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு வருஷத்துச் சிரிப்பு. தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“கசிவு” என்றது கமண்டலம். “தரைத்தளம், கல்லாப்பெட்டி. தரையிலிருந்து ஒன்றரை அடி. அளவு, ஒரு தம்ளர்.”

சிரிப்பு நின்றது. சொர்ணவேல் பேனாவை மூடினார். “எங்க?” என்றார்.

சேலைக் கட்டோடு அப்போதுதான் இறங்கி வந்த செண்பகவல்லி, இடுப்பில் செருகியிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, கல்லா மேசைமேல் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடி முதலாளியின் மடியில் கொட்டியது.

“ஐயோ, கை தவறிட்டு சார்! நாந்தான் சிந்துனேன்.”

“இந்த நீர் இப்போது சிந்தியது” என்றது கமண்டலம், பொறுமையாக. “நான் சொன்னது அதற்கு முந்தியது. அதில் உப்பும்...”

“மோர் சார்!” என்று கத்திக்கொண்டே பட்டுப் பிரிவிலிருந்து இன்னொருத்தி ஓடிவந்தாள். “உப்புப் போட்ட மோரு. நான் முன்னாலயே சிந்திட்டேன்!”

“நன்னாரி சர்பத்தும் சிந்திருக்கு சார், அது நானு!” என்றாள் மாடிப்படியிலிருந்து மூன்றாமவள்.

சொர்ணவேல் சட்டப்படி நடப்பவர். “மூணு பேரும் பேரைச் சொல்லுங்க. ஒரு மாசம் கடைக்குள்ள வரப்படாது” என்று எழுத ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் செண்பகவல்லியைப் பார்த்தார். ஒரு மாதச் சம்பளம் போனால் அவள் வீட்டில் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், சம்பளம் கொடுப்பவர் அவர்தானே. மேசையைத் துடைக்கிற சாக்கில் அவள் குனிந்தாள்.

“பேசாம இரிங்க அண்ணாச்சி. நாங்க பாத்துக்கிடுதோம்.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“போன ஆடிலேருந்தே தெரியும். எங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. ராத்திரி நாற்காலிய யாரு கழுவி வைக்கான்னு நெனைச்சீய?”

வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த பெண்கள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரு கேலிகூட வெளியே விடவில்லை. வாஸ்துக் கூட்டத்தில் திருமலைக்கொழுந்தை அவர் நீட்டி முழக்கவைத்தபோதும் தெரியாத மாதிரியே தலையாட்டியிருக்கிறார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இது வேட்டி நனைந்த வெட்கம் இல்லை.

அவர் எழுந்து நின்றார். ஈர வேட்டியோடு, தெருவரை நின்ற வரிசைக்கு முன்னால்.

“சார், அவங்க பேர அடிச்சிருங்க. ஒழுகுனது நான்.”

“நீங்க என்ன சிந்துனீங்க?”

“சிந்தல சார். ஒழுகுனேன்னு சொல்லுதேன். வயசு ஆவுதுல்லா. கட்டடத்துக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான்.”

சொர்ணவேல் சட்டப் புத்தகத்தைக் கருவியில் திறந்து மேலும் கீழும் தேடினார். குழாய் இருந்தது, தொட்டி இருந்தது, கூரை இருந்தது. ஆவுடையப்பன் எந்தப் பிரிவிலும் இல்லை.

“இதச் சரிசெய்ய என்ன ஏற்பாடு பண்ணிருக்கீங்க?” என்றார் கடைசியில், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

“மணிக்கொரு தடவ போவேன் சார். எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுப் போவேன்.”

சொர்ணவேல் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். “அண்ணாச்சி, அப்பிடியே அந்த எடம் எங்கன இருக்குன்னு சொல்லுங்க. காலைலேருந்து கேக்க வெக்கப்பட்டு நிக்கேன்.”

“நானும்தான்” என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள். “நானும்” என்று வாசலில் ஒரு குரல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லா வரிசை கரைந்து, வாயு மூலைப் பக்கம் புது வரிசை ஒன்று உருவானது. எல்லாருக்கும் முன்னால் திருமலைக்கொழுந்து ஓடிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் கல்லாவைப் பியூலாவிடம் விட்டுவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் மோர் சிந்தியதாகச் சொன்ன அந்தப் பெண் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்துப் பதறி ஒதுங்கினாள்.

“அண்ணாச்சி, நீங்க முன்னால போங்க.”

“நீ போ தாயி” என்றார் ஆவுடையப்பன். “எனக்குத்தான் ஆனது ஆயிட்டே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார்.